ஜப்பானிய மொழியில் உதவியைச் சொல்லும் முறை: அகெரு, குரெரு, மொரவு எங்கெங்கே வரும்?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். டிசம்பரில் சென்னையில் நடக்கவிருக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்காகப் படித்து வருகிறேன். ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் உதவியைச் சொல்ல, வினையின் 'தெ' வடிவத்தோடு (தமிழின் 'செய்து' போன்ற எச்ச வடிவம்) அகெரு, குரெரு, மொரவு ஆகிய மூன்றில் ஒன்றைத் துணைவினையாகச் சேர்க்க வேண்டும் என்பதுவரை எனக்கு விளங்குகிறது. நான் பிறருக்குச் செய்தால் அகெரு, பிறர் எனக்குச் செய்தால் குரெரு, பிறர் செய்த உதவியைப் பெற்றவர் எழுவாயாக நின்றால் மொரவு என்று அட்டவணையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சொந்தமாக வாக்கியம் எழுத உட்காரும்போது சில இடங்களில் ஐயம் தீரவில்லை. (ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒலிப்பு தோராயமாகவே இருக்கும்.)

முதலாவது, 'தனகா சான் கா வதஷி ஒ எகி மதெ ஒகுரிமஷிதா' என்று எழுதினால், தனகா அவர்கள் என்னை ரயில் நிலையம்வரை கொண்டுவந்து விட்டார் என்ற பொருள் முழுமையாகவே கிடைக்கிறது. ஆயினும் எங்கள் ஆசிரியர் இறுதி வினையை அடித்துவிட்டு 'ஒகுத்தெ குரெமஷிதா' என்று எழுதச் சொல்கிறார். இலக்கணம் சரியாக இருக்கும்போது குரெரு ஏன் கட்டாயமாகிறது?

இரண்டாவது, பேராசிரியர் ஒருவரிடம் 'நிமொத்சு ஒ மொத்தெ அகெமஸ்', அதாவது பையை நான் தூக்கித் தருகிறேன் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்கிறார்கள். தமிழில் "ஐயா, பையை நான் தூக்கித் தருகிறேன்" என்பது பணிவான பேச்சுதானே? அகெருவின் இடத்தில் உயர்வுச் சொல்லான ஸஷியகெருவைப் போட்டாலும் போதாது என்று சொல்வதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

மூன்றாவது, உதவி பெறுபவரைக் காட்டும் இடைச்சொல் ஓரிடத்தில் 'நி' என்றும், இன்னோரிடத்தில் 'ஒ' என்றும், வேறோரிடத்தில் 'நொ' என்றும் மாறிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஒரு விதி உண்டா? நிதானமாக விளக்கக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: சொல்லாய்வன்

கயல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் ஐயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் அதுவே வேர் என்பது என் கருத்து.

ஜப்பானிய வினைமுற்றில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இட வேறுபாடு கிடையாது. தமிழில் 'கற்பித்தேன்', 'கற்பித்தார்' என்று விகுதியே செய்தவரைக் காட்டிவிடுகிறது. ஜப்பானிய மொழியில் 'ஒஷியெமஷிதா' என்பது நான் கற்பித்ததாகவும் இருக்கலாம், அவர் கற்பித்ததாகவும் இருக்கலாம். அதோடு 'நான்', 'எனக்கு', 'உங்களுக்கு' போன்ற சொற்களையும் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவ்வளவையும் விட்ட பிறகும் யார் யாருக்குச் செய்தார் என்பது கேட்பவருக்குத் தெளிவாகிறது என்றால், அந்த வேலையைச் செய்வது இந்தத் துணைவினைகளே. 'ஒஷியெதெ குரெமஷிதா' என்று மட்டும் சொன்னால், வேறொருவர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ கற்றுக்கொடுத்தார் என்றாகிறது. 'ஒஷியெதெ அகெமஷிதா' என்றால் திசை மாறி, உதவி என் பக்கத்திலிருந்து வெளியே போகிறது.

திசை ஒன்றுதான் வேலை என்றால், உங்கள் வாக்கியத்தில் 'வதஷி ஒ' என்று வெளிப்படையாக எழுதியிருப்பதால் குரெரு தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் பிறர் செய்த செயல் ஒன்று என்னை வந்தடையும்போது, அதை நான் எப்படி ஏற்றுக்கொண்டேன் என்பதையும் வினையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அந்த மொழி எதிர்பார்க்கிறது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் என்னை அழைத்தார் என்பதைத் 'தென்வா ஒ ககெதெ கிதா' என்றால் அழைப்பு என்னை நோக்கி வந்தது என்ற செய்தி மட்டும் இருக்கிறது. 'ககெதெ குரெதா' என்றால் அவர் அழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி அல்லது நன்மை. செயப்பாட்டு வினையில், அதுவும் நள்ளிரவில் என்ற சொல்லோடு சேர்த்து, 'ககெரரெதா' என்று சொன்னால், தூக்கம் கெட்டது என்ற எரிச்சல் தெரியும். நடந்தது ஒன்றே, ஆனால் பேசுபவர் நின்ற இடம் மூன்றிலும் வேறு. இவை எதுவும் இல்லாமல் 'தொமொதச்சி கா வதஷி நி தென்வா ஒ ககெதா' என்று விட்டால், தனக்கு நடந்ததைப் பேசுபவரே யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததுபோல் பதிவு செய்கிறார் என்ற உணர்வு கேட்பவருக்கு ஏற்படுகிறது. உங்கள் 'ஒகுரிமஷிதா'வும் அப்படித்தான் ஒலிக்கிறது. தனகா அவர்கள் தம் நேரத்தைச் செலவழித்து உங்களை நிலையம்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். நீங்களோ அதை ஒரு நிகழ்வாக மட்டும் குறித்துவைக்கிறீர்கள். ஆசிரியர் அடித்துத் திருத்தியது அதனால்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் திசை வேறுபாடு முற்றிலும் அந்நியமானதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரம், தருதல், வருதல் ஆகிய சொற்களைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியனவாகவும், செல்லுதல், கொடுத்தல் ஆகியவற்றைப் படர்க்கைக்கு உரியனவாகவும் வகுத்திருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்பதே பழைய மரபு. அதே நூல், ஒரு பொருளைக் கேட்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் சொல்வதாக வேறுபடுத்துகிறது. கொடுப்பதைக் குறிக்கும் வினைக்குள்ளேயே திசையும் தகுதியும் குடியிருக்கலாம் என்பது நம் இலக்கணிகளுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. இன்றைய தமிழில் அந்த வரம்பு நெகிழ்ந்துவிட்டது. ஜப்பானியப் பொதுமொழியில் அது இன்றும் தளராமல் நிற்கிறது.

'என்னைச் சேர்ந்தவர்' என்று மேலே சொன்னதற்கும் ஒரு விளக்கம் தேவை. ஜப்பானியர் பேச்சில் உச்சி, சொதோ என்ற இரண்டு வட்டங்கள் உண்டு; உச்சி என்பது நம்மவர், சொதோ என்பது வெளியார். 'தனகா சான் கா இமோதோ நி எய்கோ ஒ ஒஷியெதெ குரெமஷிதா', அதாவது தனகா என் தங்கைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார் என்பதில் உதவி பெற்றவள் தங்கைதான், ஆனால் தங்கை என் வட்டத்துக்குள் இருப்பதால் குரெரு வருகிறது. இருவருமே எனக்குப் பொதுவானவர்கள் என்றால், தனகா சுசுகிக்குக் கற்றுக்கொடுத்ததை 'ஒஷியெதெ அகெதா' என்பது வழக்கம். அந்த இடத்தில் 'குரெதா' என்று சொன்னால், பேசுபவர் சுசுகியைத் தம்மவராகக் கருதுகிறார் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். ஒரு துணைவினை மாறினால் பேசுபவர் யார் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது என்பதே இந்த இலக்கணத்தில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

குரெருவுக்கும் மொரவுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'ஹஹா கா ஒகனெ ஒ ஒகுத்தெ குரெதா' என்றால் அம்மா பணம் அனுப்பினார், அவராகவே அனுப்பியிருக்கலாம். 'ஹஹா நி ஒகனெ ஒ ஒகுத்தெ மொரத்தா' என்றால் நான் கேட்டு, அல்லது எனக்குத் தேவை இருந்து, அம்மாவை அனுப்பச் செய்துகொண்டேன் என்ற சாயல் உண்டு. மருத்துவரிடம் உடம்பைக் காட்டுவதற்கும் முடி வெட்டிக்கொள்வதற்கும் 'மிதெ மொரவு', 'கித்தெ மொரவு' என்று மொரவு இயல்பாக வருவது அதனால்தான். நாமே தேடிப்போய்ச் செய்வித்துக்கொள்ளும் வேலைகள் அவை.

மறுமொழி: ஓசகாவாசி

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். ஜப்பானில் அலுவலக வேலையில் இருக்கும் தமிழர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

தமிழில் 'செய்து தருகிறேன்' என்பது அன்பான சொல். நான் உங்களுக்காக இதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதை நாம் தாராள மனமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானிய மொழியில் '-தெ அகெரு' என்பது, என் செயலால் உங்களுக்கு ஒரு நன்மை விளைகிறது என்று நானே அறிவிப்பதாகும். பிறர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் விடுவது எந்த அளவுக்குக் குறையோ, நான் பிறருக்குச் செய்யும் நன்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்வதும் அந்த அளவுக்குக் குறை. குரெருவும் மொரவும் பேச்சில் வந்துகொண்டே இருக்க வேண்டும்; அகெருவை மட்டும் அளந்து எடுக்க வேண்டும்.

ஸஷியகெரு ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஸஷியகெரு பெறுபவரை உயர்த்துகிறது, உண்மைதான். ஆனால் குறை மரியாதைச் சொல் இல்லாததில் இல்லை. நான் உங்களுக்கு உதவுகிறேன் என்ற அறிவிப்பு வாக்கியத்தில் இருப்பதுதான் குறை. ஸஷியகெருவைப் போட்டாலும் அந்த அறிவிப்பு அப்படியே நிற்கிறது. ஆகவே பேராசிரியரிடம் 'ஒமொச்சி ஷிமஸ்' என்றோ, 'ஒமொச்சி ஷிமஷோ கா' என்றோ சொல்லுங்கள். 'ஒ' என்ற முன்னொட்டும் 'ஷிமஸ்' என்ற முடிவும் சேர்ந்த இந்தப் பணிவு வடிவம், செயல் அவரை நோக்கியது என்பதை மட்டும் காட்டும். நன்மை என்ற சொல்லை எடுக்காது. மேலாளருக்கு ஆவணத்தை அனுப்பும்போது 'ஒகுரிமஸ்' என்பதைவிட 'ஒஒகுரி ஷிமஸ்', வழி காட்டும்போது 'கொஅன்னாய் ஷிமஸ்' என்று இதே அச்சில் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் அமையும். சமமானவரிடமும் பழகியவரிடமும் 'மொச்சிமஷோ கா' என்ற எளிய வடிவமே போதும்.

அப்படியானால் அகெரு எங்கேதான் வரும் என்று கேட்பீர்கள். உதவி பெற்றவர் எதிரில் இல்லாதபோது, மூன்றாமவரிடம் நடந்ததைச் சொல்லும் இடத்தில் அது இயல்பானது. நண்பர் வீடு மாறியபோது கைகொடுத்தேன் என்பதை 'தொமொதச்சி நொ ஹிக்கொஷி ஒ தெத்சுதத்தெ அகெதா' என்று இன்னொருவரிடம் சொல்லலாம். குழந்தைகளிடம் அது அன்பாகவே ஒலிக்கும். கதை படித்துக் காட்டுகிறேன் என்று ஒரு தாய் 'யொன்தெ அகெரு' என்பாள். தம்பிக்கு உன் பொம்மையைக் கொடு என்று சொல்லும்போது 'கஷிதெ அகெதெ' என்பாள். நெருங்கிய நண்பர்களுக்குள்ளும் தடையில்லை. தவிர்க்க வேண்டியது மேலிருப்பவரிடமும் அதிகம் பழகாதவரிடமும் நேருக்கு நேர் பேசும்போதுதான்.

கொடு என்ற பொருளுடைய யரு என்ற சொல்லையும் பாடத்தில் பார்ப்பீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு 'ஹனா நி மிசு ஒ யரு' என்பது பழைய, திருத்தமான வழக்கு. அகெரு முன்பு பெறுபவரை உயர்த்திச் சொல்லும் பணிவுச் சொல்லாக இருந்ததால், செடிக்கும் நாய்க்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று யரு கரடுமுரடாக ஒலிக்கிறது என்று எண்ணி 'மிசு ஒ அகெரு' என்பவர்கள் மிகப் பலர். சமையல் நிகழ்ச்சிகளில் காய்கறியை லேசாக 'இதமெதெ அகெரு', அதாவது வதக்கிக் கொடுங்கள் என்று காய்கறிக்கே உபகாரம் செய்வதுபோல் சொல்வதையும் கேட்கலாம். ஜப்பானியர்களிலேயே பலருக்கு அது உறுத்துகிறது. தேர்வில் செடிக்கும் விலங்குக்கும் யரு என்று எழுதினால் தவறாகாது. மனிதர்களிடம் மட்டும் யருவை எடுக்காதீர்கள். 'தேறிக் காட்டுகிறேன் பார்' என்ற வீறாப்புக்கு 'கோகாகு ஷிதெ யரு' என்பதுபோல, சண்டையிலும் சவாலிலும் அது வரும்.

மறுமொழி: தேனருவி

மூன்றாவது ஐயத்துக்கு விதி உண்டு, அதுவும் எளிய விதி. துணைவினையைக் கையால் மறைத்துவிட்டு முதல் வினையை மட்டும் பாருங்கள். பெறுபவருக்கு என்ன இடைச்சொல் வேண்டும் என்பதை அந்த முதல் வினைதான் முடிவு செய்கிறது. அகெருவும் குரெருவும் அதில் தலையிடுவதில்லை.

ஒஷியெரு, கற்பி என்ற வினை, யாருக்கு என்பதை 'நி'யால் காட்டும். ஆகவே 'வதஷி நி ஒஷியெதெ குரெரு'. ஒகுரு, வழியனுப்பு அல்லது கொண்டுபோய் விடு என்ற வினைக்கு அந்த ஆளே செயப்படுபொருள். ஆகவே 'வதஷி ஒ எகி மதெ ஒகுத்தெ குரெரு'. தசுகெரு, காப்பாற்று என்பதும், த்சுரெதெ இகு, அழைத்துக்கொண்டு போ என்பதும் அதே வகை. பையைத் தூக்கு, அறையைச் சுத்தம் செய் என்பவற்றில் ஆளுக்கு இடமே இல்லை, பொருளுக்குத்தான் இடம். ஆகவே 'வதஷி நொ நிமொத்சு ஒ மொத்தெ குரெரு', 'வதஷி நொ ஹெயா ஒ சோஜி ஷிதெ குரெரு' என்று ஆள் உடைமை வேற்றுமையில் நிற்கிறார். இந்த மூன்றிலும் அடங்காத வினை என்றால் 'நொ தமெ நி', பொருட்டு என்று எழுதலாம். 'வதஷி நி நிமொத்சு ஒ மொத்தெ குரெரு' என்று எழுதத் தூண்டுவது நம்முடைய 'எனக்குப் பையைத் தூக்கித் தந்தார்' என்ற தமிழ் வாக்கியம். தமிழில் நான்காம் வேற்றுமை எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது, அங்கே பொருந்தாது.

மொரவுக்கு வரும்போது கணக்கு மாறும். அங்கே பெறுபவர் எழுவாய். உதவி செய்தவர் 'நி' பெறுவார். 'தனகா சான் நி எகி மதெ ஒகுத்தெ மொரைமஷிதா'. இந்த 'நி'யைப் பார்த்துத் தனகாவுக்கு நான் செய்தேன் என்று படித்துவிடக் கூடாது. அறிவோ பொருளோ அவரிடமிருந்து நம்மிடம் வந்து சேரும் வினைகளில், கற்பித்தல், அனுப்புதல் போன்றவற்றில், 'நி'க்குப் பதிலாகக் 'கரா'வும் வரலாம். பழுது பார்த்துக் கொடுத்தல் போன்ற வினையில் 'கரா' வராது, 'நி' மட்டுமே.

இதற்குத் தமிழில் நெருங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. 'அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன்', 'தையற்காரரிடம் சட்டை தைத்து வாங்கினேன்' என்கிறோம். எழுதியவர் அவர், வாங்கியவர் நான், எழுவாயும் நானே. 'அவரிடம்' இருக்கும் இடத்தில் 'நி', 'வாங்கினேன்' இருக்கும் இடத்தில் 'மொரத்தா' என்று வைத்தால் வாக்கியம் அப்படியே அமைந்துவிடும். நம்முடைய 'எழுதி வாங்கு' சில வினைகளோடு மட்டுமே சேரும், சில இடங்களில் வற்புறுத்திப் பெற்ற பொருளும் தரும். மொரவு ஏறக்குறைய எந்த வினையோடும் சேரும், நன்றியும் உடன் வரும்.

சொல்லாய்வன் அவர்கள் காட்டிய தொல்காப்பிய ஒப்புமை பொருத்தமானது. ஆனால் ஓரிடத்தில் எல்லை கட்ட வேண்டும். நம் 'தா' தன்மைக்கும் முன்னிலைக்கும் பொது. 'உனக்குத் தருகிறேன்' என்பது திருத்தமான தமிழ். குரெருவோ பேசுபவர் பக்கத்தை மட்டுமே நோக்கும். நான் உங்களுக்குச் செய்வதற்குக் குரெருவைப் பயன்படுத்தவே முடியாது. 'தருகிறேன்' என்ற நினைவில் 'ஒஷியெதெ குரெமஸ்' என்று சொன்னால், நான் கற்பிக்கிறேன் என்று ஆகாது, யாரோ எனக்குக் கற்பிப்பார் என்று ஆகிவிடும். குரெருவைத் 'தா' என்று மனத்தில் பதிய வைப்பவர்கள் 'எனக்குத் தா' என்று சேர்த்தே பதிய வைப்பது நல்லது.

கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வினையை மட்டும் பார்க்க வேண்டும் என்ற விதி என் குழப்பத்தைப் பெரிதும் நீக்கிவிட்டது. தொடர்ந்து ஒன்று கேட்க விரும்புகிறேன். குரெருவின் உயர்வு வடிவம் குதஸரு என்றும், மொரவுவின் பணிவு வடிவம் இததகு என்றும் படித்தேன். ஒரே உதவியைக் 'குதஸைமஷிதா' என்றும் 'இததகிமஷிதா' என்றும் சொல்ல முடிகிறதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? மேலும், அலுவலக மின்னஞ்சல்களில் எதற்கெடுத்தாலும் 'ஸஸெதெ இததகிமஸ்' என்று வருகிறது. அங்கே செயலைச் செய்பவர் யார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

மறுமொழி: சொல்லாய்வன்

குதஸருவில் எழுவாய் உதவி செய்தவர்; அவரை உயர்த்துகிறோம். இததகுவில் எழுவாய் பெற்ற நாம்; நம்மைத் தாழ்த்திக்கொள்கிறோம். 'சென்செய் கா ஒஷியெதெ குதஸைமஷிதா', 'சென்செய் நி ஒஷியெதெ இததகிமஷிதா' (சென்செய் என்றால் ஆசிரியர்) என்று இடைச்சொல் மாறுவதை மட்டும் கவனித்தால் போதும், இரண்டுமே பணிவான வாக்கியங்கள். கடைகளிலும் ரயில்களிலும் பயன்படுத்தியமைக்கு நன்றி என்று அறிவிக்கும்போது 'கொரியோ குதஸைமஷிதெ' என்றும் 'கொரியோ இததகிமஷிதெ' என்றும் இருவகையாகவும் சொல்கிறார்கள். பின்னது தவறு என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஜப்பானின் பண்பாட்டு மன்றம் 2007 பிப்ரவரியில் வெளியிட்ட 'கெய்கோ நொ ஷிஷின்' என்ற மரியாதை மொழி வழிகாட்டி, இததகு வடிவத்தையும் ஏற்கத்தக்கதாகவே விளக்கியிருக்கிறது. மரியாதை மொழியை மூன்றாகப் பகுத்து வந்த பழைய முறையை ஐந்தாக விரித்ததும் அதே வழிகாட்டிதான்.

'ஸஸெதெ இததகு' என்பதில் முதற்பகுதி பிறவினை, செய்ய விடு என்ற பொருளுடையது. ஆக, அவர் என்னைச் செய்ய விடுகிறார், அந்த அனுமதியை நான் பணிவோடு பெறுகிறேன் என்று இரண்டு அடுக்கு இருக்கிறது. செயலைச் செய்பவர் நான்தான். 'யசுமஸெதெ இததகெமஸென் கா' என்றால் ஓய்வெடுப்பவன் நான், விடுப்புத் தருபவர் மேலாளர். அதே வழிகாட்டி இந்த வடிவத்துக்கு இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: பிறருடைய அனுமதியைப் பெற்றுச் செய்வதாக இருக்க வேண்டும்; அதனால் நமக்கு நன்மை உண்டென்ற உண்மையோ உணர்வோ இருக்க வேண்டும். விடுப்பு இரண்டுக்கும் பொருந்துகிறது. யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடத்தில், தாம் இன்ன கல்லூரியில் பட்டம் பெற்றதைக்கூட 'சொத்சுக்யோ ஸஸெதெ இததகிமஷிதா' என்று சொல்வது மிகை. அங்கே 'சொத்சுக்யோ ஷிமஷிதா' என்பதே நேரானது. நீங்கள் பார்த்த மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் 'இதஷிமஸ்' என்ற எளிய பணிவு வடிவமே போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: ஓசகாவாசி

அலுவலகத்துக்குத் தேவையான இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

வெளியாரிடம் பேசும்போது நம்மவரை உயர்த்தக் கூடாது. வீட்டில் 'அப்பா வாங்கித் தந்தார்' என்று நாம் மரியாதை விகுதி போடுவதை எந்தத் தமிழரும் தவறாக எண்ணமாட்டார். ஜப்பானிய மொழியில் வெளியாரிடம் 'சிச்சி கா கத்தெ குதஸைமஷிதா' என்றால், சொந்த அப்பாவையே மேலே ஏற்றிவைத்துப் பேசுவதாகப் படும். 'கத்தெ குரெமஷிதா' என்றே சொல்ல வேண்டும். அலுவலகத்திலும் அப்படியே. மேலாளர் விளக்கியதை உடன் பணிபுரிபவரிடம் சொல்லும்போது 'ஒஷியெதெ குதஸைமஷிதா' என்பது சரி. அதையே வாடிக்கையாளர் நிறுவனத்தாரிடம் சொல்லும்போது மேலாளரும் நம் உச்சி வட்டத்துக்குள் வந்துவிடுவதால், அவர் பெயரோடு 'சான்' சேர்ப்பதில்லை, குதஸருவும் வராது. தமிழ் மனத்துக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும், ஆனால் பழகியே ஆக வேண்டும்.

இன்னொன்று, வேண்டுகோளில் மொரவுவையோ இததகுவையோ எடுத்தால் 'முடியுமா' என்ற வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். கோப்பை அனுப்பி உதவ முடியுமா என்பதற்கு 'ஒகுத்தெ இததகெமஸ் கா', இன்னும் பணிவாக 'ஒகுத்தெ இததகெமஸென் கா'. இதில் 'கெ' என்பதைக் 'கி' ஆக்கி 'இததகிமஸ் கா' என்றால், நான் பெறுவேனா என்று நம்மைப் பற்றியே கேட்பதாகிறது, வேண்டுகோளாகாது. குரெரு, குதஸரு பக்கம் போனால் இந்தச் சிக்கல் இல்லை. எழுவாய் அவரே என்பதால் 'ஒகுத்தெ குரெமஸென் கா', 'ஒகுத்தெ குதஸைமஸென் கா' என்று நேராகக் கேட்கலாம். 'ஒகுத்தெ குதஸாய்' என்பது பாடநூலில் பணிவாகத் தோன்றினாலும் வடிவத்தில் ஏவல்தான், ஆகவே வாடிக்கையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் அதைவிட 'இததகெமஸென் கா' பாதுகாப்பானது.